டயர் மாறினால் மைலேஜ் எங்கே போகிறது?

அமெரிக்காவில் பிக்கப் வாங்கும் பலர் முதலில் கைவைப்பது டயரில்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த நான்கையும் கழற்றிவிட்டு, உயரமும் அகலமும் கூடிய, ஆழமான கட்டைகள் கொண்ட டயர்களை மாட்டுகிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கிறது. சேற்றிலும் பனியிலும் பிடிமானம் கூடுகிறது. அதற்குப் பிறகு பெட்ரோல் பங்கில் கேள்வி தொடங்குகிறது. கேலனுக்கு 20 மைல் கொடுத்த வண்டி 16க்கு இறங்கிவிட்டது என்கிறார் ஒருவர். எனக்கு ஒரு மைல்தான் குறைந்தது என்கிறார் அதே அளவு டயர் போட்ட இன்னொருவர். இருவருமே தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தக் குறைவுக்குப் பெரும்பாலும் பழி சுமத்தப்படுவது டயரின் எடைமீது. சுழலும் ஒரு பவுண்டு எடை, வண்டியில் ஏற்றிய நான்கு பவுண்டுக்குச் சமம் என்றும் பத்துப் பவுண்டுக்குச் சமம் என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பேச்சு நிற்காது. எடைக்குப் பங்கு உண்டு. ஆனால் மிகச் சிறிய பங்கு. மைலேஜைத் தின்பவை வேறு: ரப்பர் நசுங்கி மீள்வதில் வீணாகும் ஆற்றல், உயர்ந்த வண்டி காற்றோடு போராடுவது, ஆக்சில் விகிதம் மாறிவிடுவது. இவற்றோடு, குறைவின் ஒரு பகுதி உண்மையில் நடக்கவே இல்லை. ஓடோமீட்டர் குறைத்து எண்ணுவதால் வரும் தோற்றம் அது.

இந்த ஓரிரு மைல் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் டிரக்காக இருந்துவருகிறது. இத்தனை பேர் ஓட்டும் வண்டியில் சிறு விழுக்காடும் பெரிய அளவு எண்ணெய்தான். மைலேஜை மைல் கணக்கில் சொல்லும் பழக்கமும் கண்ணை மறைக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை எடுத்துக்காட்டினார்கள். ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் ஒரு சிறிய கார் 30 மைலிலிருந்து 28க்கு இறங்கினால் கூடுதலாகச் செலவாவது 36 கேலன்தான். அதே இரண்டு மைல் இறக்கம் 16லிருந்து 14க்கு என்றால் 134 கேலன், அதாவது 500 லிட்டருக்கும் மேல். பிக்கப் ஏற்கெனவே கீழ்ப்படியில் நிற்கும் வண்டி. அங்கே இழக்கும் ஒவ்வொரு மைலுக்கும் விலை அதிகம்.

முதலில் டயரின் பக்கச்சுவரைப் படித்துவிடுவோம். அரை டன் பிக்கப்பில் வழக்கமாகக் காணப்படும் அளவுகளில் ஒன்று பி265/70ஆர்17. பி என்றால் பயணியர் வாகன வகை. 265 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் 70 விழுக்காடு பக்கச்சுவர் உயரம், 17 அங்குல ரிம். கூட்டினால் டயரின் குறுக்களவு 803 மில்லிமீட்டர், அதாவது 31.6 அங்குலம். இதே எண்களுக்கு முன்னால் பி இருந்த இடத்தில் எல்டி என்று இருந்து, ஓரத்தில் ஈ என்ற சுமைத் தரமும் இருந்தால் அது வேறு பொருள். உயரமும் அகலமும் ஒன்றுதான். ஆனால் உள்ளே அடுக்குகள் தடித்தவை, பக்கச்சுவர் விறைப்பானது, 80 பிஎஸ்ஐ வரை காற்று தாங்கும். பி வகையில் சுமைக் குறியீடு 113 அளவில் இருக்கும். ஒரு டயர் 1,150 கிலோ சுமக்கும் என்று பொருள். எல்டி வகையில் அது 121. சுமை 1,450 கிலோ. எடை ஏறக்குறைய 18 கிலோவிலிருந்து 22, 23 கிலோவுக்குப் போய்விடும். நெடுஞ்சாலை டயரின் கட்டை ஆழம் ஓர் அங்குலத்தின் 32 பாகத்தில் 10 முதல் 12. எல்லா நிலத்துக்குமான டயரில் 15 சகஜம். சேற்று டயரில் 18க்கும் மேல் போகும். ‘டயர் அளவை மாற்றவே இல்லை, ஆனாலும் மைலேஜ் குறைந்துவிட்டது’ என்பவர்களுக்கு விடை பெரும்பாலும் இந்த எழுத்திலும் இந்த ஆழத்திலும்தான் இருக்கிறது.

இனி ஓடோமீட்டர். அது தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை எண்ணி, தொழிற்சாலை டயரின் சுற்றளவால் பெருக்கிச் சொல்கிறது. 31.6 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கிட்டத்தட்ட 10.7 விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது. ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 20 கேலன் எண்ணெயில் 320 மைல் ஓடியதாக அது காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேலனுக்கு 16 மைல். உண்மையில் வண்டி போன தூரம் 354 மைல், கேலனுக்கு 17.7. முன்பு 20 கொடுத்த வண்டி 20 விழுக்காடு விழுந்ததாகத் தெரிந்தது, விழுந்தது 11.5 விழுக்காடுதான். மீதி எண்ணிக்கைப் பிழை.

இந்தப் பிழைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வேகமானியும் அதே சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. முள் 65 மைலில் நிற்கும்போது வண்டி உண்மையில் 72 மைலில் பறக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால் இந்த ஏழு மைலுக்கே எதிர்ப்பு 22 விழுக்காடு கூடிவிடும். ஓட்டுநர் பழைய வேகத்தில்தான் போகிறேன் என்று நம்புகிறார். எண்ணெய் கூடுதலாக எரிவது உண்மை. ஆனால் அதில் ஒரு பங்கு டயர் தின்றதல்ல, தெரியாமல் கூடிய வேகம் தின்றது. எனவே பெரிய டயர் போட்ட பிறகு வண்டியின் கணினியில் டயர் அளவைத் திருத்தாமல் சொல்லப்படும் எந்த மைலேஜ் கணக்கையும் நான் ஏற்பதில்லை. 35 என்று அச்சிட்ட டயர் உண்மையில் அரை அங்குலம் குறைவாக இருப்பதும் உண்டு. வண்டியின் எடையில் அது இன்னும் கொஞ்சம் அமுங்கும். ஆகவே கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒரு நீண்ட தூரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

பிழைகளைக் கழித்த பிறகும் மிஞ்சும் 11.5 விழுக்காடு எங்கே போனது? பெரும் பங்கு ரப்பரில் போனது. ஓடும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையைத் தொடும்போது நசுங்குகிறது, விடும்போது மீள்கிறது. நசுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுவதைப் போலத்தான். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி டயரின் கட்டைமேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சூடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய். டயரின் உருள்தடையில் மிகப் பெரும் பகுதி இப்படி வருவதுதான். அதிலும் கூடுதல் பங்கு தரையைத் தொடும் கட்டைப் பகுதிக்கு. கட்டை ஆழமாக ஆக நசுங்கும் ரப்பர் கூடுகிறது. கட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து நின்றால் ஒவ்வொன்றும் தன்னிச்சையாக நெளிகிறது. உள்ளே அடுக்குகள் கூடினால் வளைக்க வேண்டிய பொருளும் கூடுகிறது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006இல் டயரையும் எரிபொருளையும் பற்றி ஓர் அறிக்கை தந்தது. உருள்தடை 10 விழுக்காடு குறைந்தால் மைலேஜ் 1 முதல் 2 விழுக்காடு கூடும் என்பது அதன் கணிப்பு. இந்த விகிதத்தை வைத்து நம் பிக்கப்பைப் பார்க்கலாம். ஆளும் சாமானும் சேர்த்து 2,500 கிலோ. நல்ல நெடுஞ்சாலை டயரின் உருள்தடைக் கெழு 0.009 என்றும், ஆழக் கட்டையும் தடித்த அடுக்கும் கொண்ட டயருக்கு 0.013 என்றும் கொள்வோம். முதல் டயரோடு வண்டியை உருட்ட 220 நியூட்டன் விசை போதும். இரண்டாவதற்கு 320 தேவை. உருள்தடை 45 விழுக்காடு ஏறியிருக்கிறது. வாரியத்தின் விகிதப்படி மைலேஜ் இழப்பு நாலரை முதல் ஒன்பது விழுக்காடு வரை வரும். பெரிய டயர் மாட்டியவர்களின் திருத்திய கணக்கில் தெரியும் இழப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை இதிலேயே அடங்கிவிடுகிறது.

இப்போது எடையை இதோடு நிறுத்துப் பார்ப்போம். 18 கிலோ டயருக்குப் பதில் 30 கிலோ எடையுள்ள 35 அங்குல டயர் போட்டதாகக் கொள்வோம். நான்குக்கும் சேர்த்து 48 கிலோ கூடுதல். டயரின் எடை பெரும்பாலும் ஓரத்தில் இருப்பதால், வேகம் கூட்டும்போது முன்னோக்கித் தள்ளுவதோடு சுழற்றவும் ஆற்றல் வேண்டும். அந்தக் கூடுதல் சுமை எவ்வளவு? எடை முழுவதும் விளிம்பிலேயே குவிந்திருந்தால்கூட இரண்டு மடங்கைத் தாண்டாது. இயற்பியல் அதற்கு மேல் இடம் கொடுப்பதில்லை. நடைமுறையில் ஒன்றே முக்கால் மடங்கு அளவில் வரும். ஆக 48 கிலோ, ஏறக்குறைய 85 கிலோ போல நடந்துகொள்ளும். நான்கு மடங்கு, பத்து மடங்கு என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்த 85 கிலோவைக் கொண்டுபோக வேண்டிய ஆற்றல் 12 கிலோஜூல். எஞ்சின் எரிபொருளில் 28 விழுக்காட்டைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது என்று வைத்தால், சிக்னலில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக எரிவது 1.3 மில்லிலிட்டர் பெட்ரோல். மேலே சொன்ன 100 நியூட்டன் கூடுதல் உருள்தடையோ, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 11 மில்லிலிட்டர் எரிக்கிறது. அதுவும் நின்றாலும் கிளம்பினாலும் ஒரே சீராக ஓடினாலும் எரிக்கிறது. நகரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு சிக்னலில் நின்றாலும் எடையின் பங்கு மொத்தச் செலவில் ஒரு விழுக்காட்டை எட்டாது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது சுழல் எடை கிட்டத்தட்ட எதையுமே தின்பதில்லை. சுழலத் தொடங்கிய சக்கரத்தைச் சுழலவைக்கத் தனியாக ஆற்றல் வேண்டியதில்லை. வண்டியில் 100 பவுண்டு ஏற்றினால் மைலேஜ் ஒரு விழுக்காடு குறையும் என்ற அமெரிக்க எரிசக்தித் துறையின் பொது விதியைப் பயன்படுத்தினாலும் இரண்டு விழுக்காட்டுக்குள்தான் வருகிறது.

அப்படியானால் எடை கூடிய டயரில் மைலேஜ் குறைவதை இத்தனை பேர் கண்டிருக்கிறார்களே? கண்டது உண்மைதான். எடை கூடிய டயரில் ரப்பரும் அடுக்கும் கூடுதல். அவை உருள்தடையைக் கூட்டுகின்றன. தராசு எண்ணைப் பார்த்தவர்கள் அதையே காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் விலை கூடிய இலேசான அலாய் ரிம் வாங்கி, டயரின் எடையை அதில் ஈடுகட்டப் பார்க்கிறவர்களுக்கு எண்ணெய்ச் செலவில் பெரிதாக எதுவும் திரும்பி வருவதில்லை. பிரேக்குக்கும் பால் ஜாயிண்டுக்கும் சாக்கப்சார்பருக்கும் எடை குறைவது நல்லது. அது தனிக் கணக்கு.

இங்கே ஃபோர்டின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். 2015 எஃப்-150க்கு அந்த நிறுவனம் இரும்பு உடலைக் கைவிட்டு அலுமினிய உடல் போட்டது. தொழிற்சாலைகளையே மாற்றியமைத்து 700 பவுண்டு வரை குறைத்தார்கள். மேற்சொன்ன பொது விதிப்படி அது ஏழு விழுக்காட்டுக்கு இணை. வீட்டுக்கு வந்த வாரத்திலேயே ஆழக் கட்டை டயர் மாட்டினால் அந்த ஏழு விழுக்காட்டில் பெரும்பகுதி ரப்பரில் சூடாகக் கரைந்துவிடும். வண்டி செய்தவர்களின் இத்தனை உழைப்பு இப்படிப் போவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

டயரின் உயரத்தைப் பற்றி ஒரு நியாயமான சொல். மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்தால் குறுக்களவு கூடிய டயருக்கு உருள்தடை குறைவு. பெரிய வட்டம் தரையைத் தொடுமிடத்தில் குறைவாக வளைய வேண்டியிருக்கிறது. பிஎம்டபிள்யூ தன் ஐ3 மின்காருக்கு 155/70 ஆர்19 என்ற உயரமான, ஒல்லியான டயரைப் போட்டது இதற்காகத்தான். பிக்கப் உலகிலும் 255/80 ஆர்17 போன்ற அளவுகள் உண்டு. 33 அங்குல உயரம், ஆனால் அகலம் பத்து அங்குலம்தான். காட்டுப்பாதைக்கு உயரம் வேண்டும், ஆனால் எண்ணெய்க் கணக்கும் பார்க்க வேண்டும் என்பவர்கள் பன்னிரண்டரை அங்குல அகல டயருக்கு முன் இதைப் பரிசீலிக்கலாம். கடைகளில் உயரத்தோடு அகலமும் கட்டையும் அடுக்கும் ஒன்றாகவே ஏறிக்கொண்டு போவதால்தான் உயரத்துக்குக் கெட்ட பெயர்.

உயரம் ஆக்சில் விகிதத்தையும் மாற்றுகிறது. 3.55 ஆக்சில் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு 3.55 சுற்று சுற்றும்) உள்ள வண்டியில் 31.6 அங்குலத்திலிருந்து 35க்குப் போனால், அது 3.21 ஆக்சில் போட்ட வண்டியைப் போல ஓடும். ராம் 1500 பிக்கப்பில் மைலேஜுக்காகவே தரப்படும் ஆக்சில் 3.21. அதே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது; சமதளத்தில் சீராக ஓடினால் ஓரளவு ஆதாயம்கூடக் கிடைக்கலாம். ஆனால் 3.21 வண்டி அந்த விகிதத்துக்கேற்ற இலேசான டயர்களோடும் தாழ்ந்த உடலோடும் வருகிறது. 35 அங்குலத்தில் நிற்கும் வண்டிக்கு எதிர்ப்பு எல்லாப் பக்கமும் கூடியிருக்க, சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை பத்து விழுக்காடு குறைந்திருக்கும். சிறு ஏற்றம் வந்தாலும் கியர் இறங்குகிறது, ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது பெரும் தொல்லை. 2017இல் எஃப்-150க்கு வந்த பத்து கியர் பெட்டி போன்றவற்றில் படிகள் நெருக்கமாக இருப்பதால் தொல்லை குறைவு. ஒருவருக்கு நாலு மைல் குறைய, இன்னொருவருக்கு ஒரு மைல் மட்டும் குறைவதற்கு இது முக்கியக் காரணம். மலைப்பாதையிலும் டிரெய்லர் இழுக்கும் வேலையிலும் வண்டி ஓடினால் ஆக்சில் கியரையும் மாற்றிவிடுவது நல்லது. இந்த உதாரணத்தில் 3.92 போட்டால் பழைய 3.55க்கே வந்துவிடலாம்.

பிறகு காற்று. பிக்கப் காற்றுக்கு எதிரே நிற்கும் சுவர் போன்ற வடிவம் கொண்டது. 65 மைல் வேகத்தில் அதன்மேல் விழும் காற்றின் எதிர்ப்பு, நல்ல டயரின் உருள்தடையைப் போல மூன்று மடங்கு. டயர் உயர்ந்தால் வண்டியின் அடிவயிறு திறக்கிறது. கரடுமுரடான ஆக்சிலிலும் சட்டத்திலும் காற்று நேரே மோதுகிறது. டயர் அகலமாகி உடலைவிட்டு வெளியே துருத்தினால் இன்னும் மோசம். பெரிய டயர் தட்டாமலிருக்க முன்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கும் லெவலிங் கிட் போடுகிறார்கள். தரையோடு தாழ்ந்து தொங்கும் முன்பக்கக் காற்றுத் தடுப்பையும் கழற்றிவிடுகிறார்கள். வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்பது சுமை ஏற்றும்போது சமமாவதற்காக. காற்றுக்கும் அதனால் நன்மை உண்டு. 2013 ராம் 1500இல் வந்த காற்று சஸ்பென்ஷன் நெடுஞ்சாலை வேகத்தில் வண்டியைத் தானாகவே அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தாழ்த்திக்கொள்ளும். எண்ணெய் மிச்சத்துக்காக அந்த அரை அங்குலத்தைத் தேடி ஒரு நிறுவனம் இவ்வளவு பாடுபட்டிருக்கிறது என்றால், மூன்று நான்கு அங்குலம் தூக்குவதன் விலை சிறியதாக இருக்க முடியாது. நகருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இது பெரிதல்ல. 75 மைலில் டெக்சாஸைக் குறுக்கே கடக்கும் வண்டிக்கு இதுவே முதல் செலவு.

காற்றழுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. சராசரி அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 விழுக்காடு குறையும் என்கிறது எரிசக்தித் துறை. 2000ஆம் ஆண்டின் டிரெட் சட்டத்தால் வந்த அழுத்த எச்சரிக்கைக் கருவி, 2007 செப்டம்பர் முதல் எல்லா இலகு வாகனங்களிலும் கட்டாயம். ஆனால் அது பரிந்துரைத்த அளவிலிருந்து 25 விழுக்காடு இறங்கிய பிறகுதான் விளக்கை எரிக்க வேண்டும். 35 போட வேண்டிய டயர் 28இல் ஓடினாலும் விளக்கு பேசாமல் இருக்கலாம். பி வகையிலிருந்து எல்டி வகைக்கு மாறியவர்கள் கதவுத் தூணில் ஒட்டிய பழைய எண்ணையே அடிப்பதும் தவறு. அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும்; டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்து அடிக்க வேண்டும். அதற்காக எண்ணெய் மிச்சம் என்று 80 பிஎஸ்ஐ வரை ஏற்றிவிடக் கூடாது. காலி வண்டியில் டயர் நடுவில் மட்டும் தேயும். ஈரத்தில் பிரேக் பிடிப்பது குறையும். கட்டையின் குறுக்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சமதரையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தால் போதும். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

‘முன்பு, பின்பு’ ஒப்பீடுகளில் ஒளிந்திருக்கும் இன்னும் இரண்டு பிழைகளையும் சொல்ல வேண்டும். கழற்றியது தேய்ந்த டயர், மாட்டியது புது டயர். தேய்ந்த டயரில் நசுங்கும் ரப்பர் குறைவு. முழு ஆயுளில் உருள்தடை 20 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே அதே நிறுவனத்தின் அதே அளவு டயரைப் புதிதாகப் போட்டாலும் மைலேஜ் இறங்கும். இரண்டாவது, பருவம். பனிக்கு முன் இலையுதிர் காலத்தில் பலர் டயர் மாற்றுகிறார்கள். குளிரில் காற்று அடர்த்தி கூடுகிறது, டயர் சூடேற நேரமாகிறது, எஞ்சினுக்கும் அப்படியே. 77 பாரன்ஹீட்டில் ஓடிய வண்டிக்கு 20 பாரன்ஹீட்டில் நகர மைலேஜ் 15 விழுக்காடு வரை குறையும். அந்த 15உம் டயரின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

தூய சோதனைகள் அதிகமில்லை; உள்ளவை சொல்வது இதற்கு ஒத்தே வருகிறது. ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் 2010இல் ஒரே வோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 முதல் 19 அங்குலம் வரை ரிம்களை மாற்றி மாற்றிப் பார்த்தது. டயரின் வெளி உயரம் ஏறக்குறைய ஒன்றே. அகலமும் எடையும் கூடின. மைலேஜ் பத்து விழுக்காடு குறைந்தது. வேகம் பிடிக்கும் நேரம் நாலு விழுக்காடுதான் மோசமானது. எடை முதல் குற்றவாளியாக இருந்திருந்தால் வேகம் பிடிப்பதில்தான் பெரிய அடி விழுந்திருக்க வேண்டும். ரிவியன் ஆர்1டி மின்பிக்கப்பில் எஞ்சினும் கியரும் குழப்பாத ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. 21 அங்குல ரிமில் சாலை டயர், 20 அங்குல ரிமில் எல்லா நிலத்துக்குமான டயர். இரண்டாவதைத் தேர்ந்தால் ஓடும் தூரம் 10 முதல் 15 விழுக்காடு குறையும் என்று நிறுவனமே வாங்குபவர்களிடம் சொன்னது. 2017இல் 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் நான்கு சக்கர இயக்க எஃப்-150க்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தந்த கூட்டு மைலேஜ் 20. 35 அங்குல டயரோடு வந்த ராப்டர் வகை எஃப்-150க்கு 16. ராப்டரின் உடல் அகலம், எஞ்சின், ஆக்சில் எல்லாமே வேறு என்பதால் இந்த நான்கு மைலையும் டயர்மேல் போட முடியாது.

தொழிற்சாலை டயர் ஏன் இவ்வளவு சிக்கனமானது என்பதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1973 எண்ணெய்த் தடைக்குப் பின் 1975இல் வந்த எரிசக்திச் சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் வண்டிகளின் சராசரி மைலேஜுக்கு அளவு வைத்தது. அதை எட்ட, வண்டி நிறுவனங்கள் டயர் நிறுவனங்களிடம் குறைந்த உருள்தடை கேட்டு வாங்குகின்றன. மிஷெலின் 1992இல் கார்பன் கருமைக்குப் பதில் சிலிக்கா கலந்த ரப்பரைக் கொண்டுவந்த பிறகு, ஈரப் பிடிமானத்தை இழக்காமல் உருள்தடையைக் குறைக்க முடிந்தது. ஆனால் இந்தக் கட்டாயம் வண்டியோடு வரும் முதல் நான்கு டயர்களோடு முடிந்துவிடுகிறது. அடுத்த செட்டை வாங்க வருகிறவருக்கு விலை, தோற்றம், எத்தனை மைல் உழைக்கும் என்ற உத்தரவாதம் இவைதான் தெரிகின்றன.

2007 எரிசக்திச் சட்டம், மாற்று டயர்களின் எரிபொருள் சிக்கனத்தை வாங்குபவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டைச் செய்யும்படி தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. 2010இல் விதி வெளியானது. ஆனால் கடையில் டயர்மேல் ஒட்டிய தரச்சீட்டு வரவில்லை. அந்த ஏற்பாடும் பயணியர் கார் டயர்களுக்கு மட்டும்தான். எல்டி டயர்கள் அதற்குள் வரவே இல்லை. தேய்மானம், பிடிமானம், வெப்பம் என்று பக்கச்சுவரில் பொறிக்கும் தரக் குறியீட்டிலிருந்தும் எல்டிக்கு விலக்கு. அதிக எண்ணெய் குடிக்கும் வண்டிக்கு, உருள்தடை கூடிய டயரை வாங்குகிறவருக்குத்தான் தகவல் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் 2012 நவம்பர் முதல் கார், வேன் டயர்களில் எழுத்துத் தரம் ஒட்டப்படுகிறது. இந்தியாவும் 2022 அறிவிப்பில் கார், வேன், லாரி டயர்களுக்கு உருள்தடை, ஈரப் பிடிமானம், ஒலி ஆகியவற்றுக்கு வரம்பு வைத்துவிட்டது. பிக்கப்பைத் தேசிய வண்டியாகக் கொண்டாடும் நாட்டில் எல்டி டயருக்கு இவை இரண்டும் இல்லை என்பது பெரும் குறை.

சேற்றிலும் பாறையிலும் வேலை செய்கிறவர்கள் ஆழக் கட்டை டயர் வாங்கத்தான் வேண்டும். கனத்த டிரெய்லர் இழுப்பவருக்கு ஈ தர டயர் பாதுகாப்பு. எண்ணெய் மிச்சத்துக்காக அதை விட்டுவிடக் கூடாது. ஆனால் அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓடும் பிக்கப்புக்கு, கதவுத் தூணில் எழுதிய அதே அளவில், பி வகையில், சாந்தமான கட்டை கொண்ட டயரே போதும். ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் வண்டியில் 20க்கும் 17.7க்கும் உள்ள வித்தியாசம் 97 கேலன். டயர் வாங்கப் போகும்போது அந்த 97 கேலனின் விலையையும் டயரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். கடைக்காரரிடம் உருள்தடை எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் எல்டி டயர்மேலும் அந்த எண் அச்சாகும்.